என் காணிக்குள்ளால் போகும் பொதுப் பாதையைப் பூட்டலாமா?

கேள்வி:

ஹரோவில் 22 வருடம் கடை நடத்தினோம். பிள்ளைகள் தங்கள் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டு போன பிறகு கடையை விற்று, இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லைக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் பழைய வீடொன்றை 7 ஏக்கர் புல்வெளியோடு வாங்கினோம். றோட்டுப் படலையால் நுழைந்து, குசினி யன்னலைத் தாண்டி, புல்வெளிக்குக் குறுக்கே போய், ஓடைக்கரைக் கடப்பில் (வேலியைத் தாண்ட வைத்த மரப்படியில்) ஏறித் தேவாலயத்துக்குப் போகிற பொதுப் பாதை ஒன்று எங்கள் காணிக்குள் இருக்கிறது. வாங்கும்போது வந்த கட்டுக் காகிதத்துக்குள் அது இருந்ததாம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முப்பது பேர் கூடப் போகிறார்கள். மனைவிக்கு நிம்மதி இல்லை. படலைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, 'தனியார் காணி, அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்' என்று பலகையும் வைத்தேன். மூன்றாம் கிழமை கவுன்சில் கடிதம் வந்துவிட்டது, 14 நாளுக்குள் எடுக்கச் சொல்லி. என் பெயரில் உறுதி இருக்கிற காணியை நான் பூட்டக் கூடாதா? என்ன தண்டனை வரும்? பக்கத்துப் பண்ணைக்காரர் தன் ஜேர்சி நாம்பனை எங்கள் புல்வெளியில் மேய விடக் கேட்கிறார். விட்டால் ஆட்கள் தாங்களாகவே வராமல் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். யாராவது விழுந்து காலை முறித்தால் யார் பொறுப்பு? பாதையை வேறு பக்கம் மாற்ற வழி உண்டா? ஓடைக்கரையாலும் சிலர் பழம் பிடுங்கப் போய் வருகிறார்கள், அதுவும் பாதையாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு,

இந்தப் பத்தியை வாசித்து முடிக்கிற கையோடு போய் அந்தச் சங்கிலியைக் கழற்றிவிட்டு வாருங்கள். மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம். இன்றைக்கே செய்ய வேண்டியது அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றுக்கும் நேரமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது.

உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. எங்கள் ஆட்களுக்குக் காணி என்றால் வேலி. ஒரு சாண் எல்லைக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும், எனக்கும் தெரியும். கதியால் நட்டு, ஓலை வைத்து அடைத்து, படலை கட்டினால்தான் வளவு எங்களுடையது என்ற நினைப்பே வரும். அப்படி வளர்ந்த ஒருவருக்கு, முன்பின் தெரியாத முப்பது பேர் காலையில் குசினி யன்னலுக்கு முன்னால் 'குட் மோர்னிங்' சொல்லிக்கொண்டு போவது எவ்வளவு அந்தரமாக இருக்கும்! ஆனால் அதே ஊரில் ஒழுங்கை என்று ஒன்றும் இருந்ததை யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் யாரோ ஒருவரின் வேலி, நடுவில் ஊர் நடக்கிற மண். ஒழுங்கைக்குக் குறுக்கே யாராவது கதியால் நட்டால் ஊர் சும்மா இருந்திருக்குமா? உங்கள் புல்வெளிக்கு நடுவால் போவதும் ஓர் ஒழுங்கைதான். வேலி மட்டும் இல்லை.

உறுதியைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் உறுதியில் ஒரு பிழையும் இல்லை. லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் காணி முழுவதும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, பாதைக்குக் கீழே உள்ள மண் உட்பட. ஆனால் பொதுமக்களின் உரிமை பதிவேட்டில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் காணியைக் கட்டுப்படுத்தும். வாங்குபவர் யாராக இருந்தாலும் அந்தப் பாரத்தோடுதான் காணி கைமாறுகிறது. ஊரில் பக்கத்து வளவுக்காரர் கிணற்றடிக்குப் போக வழியுரிமை வைத்திருப்பாரே, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையிலான விஷயம், பேசித் தீர்க்கலாம், எழுதி வாங்கலாம். இதில் எதிர்ப்பக்கத்தில் இருப்பது பொதுமக்கள் முழுப்பேரும். அவர்களிடம் யார் போய்க் கையெழுத்து வாங்குவது?

இங்கிலாந்துச் சட்டத்தில் உங்கள் குசினி யன்னலோரப் பாதைக்கும் எம்-1 மோட்டார்வேக்கும் பெயர் ஒன்றுதான்: ஹைவே. ஒன்றில் கார் போகலாம், மற்றதில் கால்நடையாக மட்டும் போகலாம், வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டையும் ஆளுவது 1980ஆம் ஆண்டு ஹைவேஸ் சட்டம். எம்-1க்குக் குறுக்கே ஒருவர் படலை கட்டிப் பூட்டினால் நாங்கள் என்ன நினைப்போமோ, அதைத்தான் கவுன்சில் அதிகாரி உங்கள் சங்கிலியைப் பார்த்து நினைக்கிறார். இன்னொன்று, ஒருமுறை ஹைவே ஆனது என்றைக்கும் ஹைவே என்பது இங்கே பழைய பொதுச் சட்டக் கொள்கை. பத்து வருடம் யாரும் நடக்காமல் பற்றை மண்டிக் கிடந்தாலும் உரிமை சாகாது. சட்டப்படி ஒரு கட்டளை போட்டு மூடினாலோ மாற்றினாலோ ஒழிய, பூட்டுப் போட்டு ஒரு பாதையை இல்லாமல் செய்ய முடியாது.

உண்மையிலேயே அது பொதுப் பாதையா என்று சரிபார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கவுன்சிலில் 'டெஃபினிற்றிவ் மாப்' என்று ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். 1949இல் வந்த தேசியப் பூங்காக்கள் மற்றும் கிராமப்புற அணுகல் சட்டத்தின் கீழ் ஊர் ஊராக நடந்து பார்த்துக் குறித்தவை அந்தப் பாதைகள். அந்த மாப்பில் கோடு இருந்தால் பாதை இருக்கிறது என்பதற்கு அதுவே முடிந்த முடிவான சாட்சி. 'அறுபது வருடமாக யாரும் போனதில்லை' என்று வாதாடிப் பயனில்லை. மாப்போடு ஓர் எழுத்துக் குறிப்பும் இருக்கும். சில பாதைகளுக்கு அதில் அகலமும் எழுதியிருக்கும், கட்டாயம் கேட்டுப் பாருங்கள். கடையில் வாங்குகிற எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைச் சின்னக் கோடுகளாக இருப்பது இந்த நடைபாதை, நீளக் கோடுகளாக இருப்பது குதிரையும் சைக்கிளும் போகக்கூடிய பிரைடில்வே. உங்கள் கடப்பின் தூணில் உள்ளங்கை அளவில் ஒரு வட்டத் தகடு அடித்திருக்கும், கவனித்திருப்பீர்கள். அதில் அம்பு மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் குதிரைக்கும்.

மஞ்சள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் வருபவர் நடக்கலாம், நாயைக் கொண்டுவரலாம், பிள்ளையை வண்டிலில் தள்ளிக்கொண்டு போகலாம், மூச்சு வாங்கக் கொஞ்சம் நிற்கலாம். கூடாரம் அடிக்க முடியாது, புல்வெளி முழுக்க ஓடித் திரிய முடியாது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 'சுற்றித் திரியும் உரிமை' மலை, தரிசு, பதிவான பொது நிலம் போன்றவற்றுக்குத்தான். மேம்படுத்திய மேய்ச்சல் நிலமும் வீட்டு வளவும் அதற்குள் வராது. ஆக, 7 ஏக்கரில் ஊருக்கு உரிமை உள்ளது ஒரு நாடாவளவு அகலம். மற்றதெல்லாம் உங்கள் தனியுரிமை.

இனித் தண்டனை. வேண்டுமென்று ஹைவேயில் தடை ஏற்படுத்துவது ஹைவேஸ் சட்டத்தின் 137ஆம் பிரிவின்படி குற்றம். முன்பெல்லாம் இதற்கு அதிகபட்சம் 1,000 பவுண்ட் தண்டம், அதோடு சரி. 2022இல் வந்த பொலிஸ், குற்றம், தண்டனைச் சட்டம் அதை மாற்றிவிட்டது. இப்போது சிறையும் விதிக்கலாம், தண்டத்துக்கும் மேல் வரம்பு இல்லை. றோட்டை மறித்துப் போராடியவர்களை மனதில் வைத்துச் செய்த திருத்தம் அது. ஆனால் சட்ட வாசகத்தில் 'ஹைவே' என்றுதான் இருக்கிறது, உங்கள் பாதையும் ஹைவேதான். ஒரு பூட்டுக்காக உங்களை மறியலில் போடுவார்கள் என்று நான் பயமுறுத்த வரவில்லை. நடைமுறையில் கடிதம், எச்சரிக்கை, பிறகு தண்டம், வழக்குச் செலவு என்றுதான் போகும். ஆனால் குற்றவாளி என்று தீர்ந்த பிறகும் தடை அங்கேயே இருந்தால், நீதவான் அதை எடுக்கக் கட்டளை போடலாம். அதையும் மீறினால் அது தனிக் குற்றம், அதற்குப் பிறகு நாளுக்கு நாள் ஏறுகிற தண்டம். கவுன்சில் தானே ஆளை அனுப்பித் தடையை எடுத்துவிட்டு உங்களுக்குக் கணக்கு அனுப்பவும் வழி இருக்கிறது.

'கவுன்சிலில் தெரிந்த ஒருவரோடு கதைத்துச் சமாளிக்கலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதைகளைக் காப்பது கவுன்சிலுக்கு விருப்பமான வேலை இல்லை, ஹைவேஸ் சட்டத்தின் 130ஆம் பிரிவு அதன் தலையில் கட்டிய கடமை. தடையை எடுக்கவில்லை என்றால் எந்த ஒரு குடிமகனும் கவுன்சிலுக்கே அறிவித்தல் கொடுத்து, பிறகு நீதவான் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். உங்கள் மேல் வழக்குப் போடவும் கவுன்சில்தான் வர வேண்டும் என்றில்லை, நடப்பவர்களில் ஒருவரே போடலாம். கிழக்கு சசெக்ஸில் ஃப்ரேம்ஃபீல்ட் என்ற ஊரில் அப்படித்தான் நடந்தது. ஒரு பணக்காரரின் தோட்டத்துக்குள்ளால் போன 9ஆம் இலக்கப் பாதைக்குக் குறுக்கே களஞ்சியம் எழும்பியது, முட்கம்பி வந்தது, பழைய குளிர்பதனப் பெட்டிகளை அடுக்கி மறித்தார்கள். நடப்போர் சங்கமான ராம்ப்ளர்ஸ் விடவில்லை. வருடக் கணக்கில் இழுபட்டு, கடைசியில் 2003இல் பாதை திறந்தது. அவ்வளவு பணமும் வக்கீல்களும் இருந்தவராலேயே ஒரு காலடிப் பாதையை விழுங்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு மூர்க்கமாக நிற்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் வந்த புதிதில் கேட்டவன்தான். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டுக்கு ஏறினார்கள். அது பிரபுக்கள் குரூஸ் குருவி சுடுவதற்கென்று அடைத்து வைத்திருந்த இடம். காவலாளிகளோடு கைகலப்பு வந்தது. பிடிபட்டவர்களில் ஐந்து பேர் மறியலுக்குப் போனார்கள். முன்னின்ற பென்னி ரோத்மனுக்கு அப்போது வயது 20, நான்கு மாதம் கிடைத்தது. கவனியுங்கள், அத்துமீறி நுழைந்ததற்காக அல்ல, கலகம் என்ற பெயரில்தான் தண்டனை. 70 வருடம் கழித்து, 2002இல், அந்த மேட்டின் பழைய சொந்தக்காரக் குடும்பத்தின் டெவன்ஷயர் பிரபு அதே இடத்துக்கு வந்து தன் பாட்டனார் நடந்துகொண்ட விதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். வாரம் ஆறு நாள் ஆலைப் புகைக்குள் நின்ற மனிதர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மலையின் காற்று தேவைப்பட்டது. அந்த ஆட்களின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் யன்னலுக்கு முன்னால் போகிறார்கள். 'நாங்கள் புதிதாக வந்தவர்கள் என்றபடியால் வேண்டுமென்று வருகிறார்களோ' என்ற எண்ணம் உங்கள் மனதில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு முன் இருந்தவரின் காலத்திலும் அவர்கள் அதே வழியால்தான் போயிருப்பார்கள்.

பலகையைப் பற்றி. இதையும் சங்கிலியோடு சேர்த்துக் கழற்றுங்கள். மாப்பில் உள்ள பாதைக்குப் பக்கத்தில், ஆட்களை மிரட்டித் திருப்பக்கூடிய பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் அறிவித்தல் வைப்பது 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் தனிக் குற்றம். தண்டம் 200 பவுண்ட் வரைக்கும்தான், ஆனாலும் குற்றம் குற்றமே. மாடு இல்லாத வயலில் 'மாடு முட்டும்' என்று எழுதினாலும் இதே கதை. உங்கள் பலகையில் இன்னொரு பிழையும் இருக்கிறது. சும்மா கால் வைத்து நுழைவது இங்கே பொதுவாகக் குற்றமே இல்லை, சிவில் வழக்குக்கு உரிய தவறுதான். ஆகவே 'வழக்குத் தொடரப்படும்' என்ற மிரட்டலில் உண்மை இல்லை. அந்த இடத்தில் 'பாதை இந்தப் பக்கம், நாயைக் கயிற்றில் பிடியுங்கள், நன்றி' என்று அம்புக்குறியோடு ஒரு சின்னப் பலகை வையுங்கள். பாதையை விட்டு விலகுபவரைத் திரும்பப் பாதைக்குப் போகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நாம்பன் விஷயத்தில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் சாகிறார்கள். 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, பொதுப் பாதை போகிற வயலில் 10 மாதத்துக்கு மேற்பட்ட காளையை அவிழ்த்து விடுவதைத் தடுக்கிறது. விலக்கு ஒன்று உண்டு: பாலுக்கு வளர்க்கும் இனமாக இல்லாமல், பசுக்களோ கிடாரிகளோ கூட நின்றால் விடலாம். எந்தெந்த இனம் பால் இனம் என்று சட்டமே பெயர் சொல்கிறது: அயர்ஷயர், பிரிட்டிஷ் ஃப்ரீசியன், பிரிட்டிஷ் ஹோல்ஸ்டீன், டெய்ரி ஷோர்ட்ஹோர்ன், கேர்ன்சி, கெரி, பிறகு உங்கள் அயலவரின் ஜேர்சி. பார்க்கச் சின்ன, அழகான, மான் மாதிரிக் கண் உள்ள மாடு. ஆனால் ஜேர்சிக் காளை சட்டென்று திரும்புகிற சாதி. எத்தனை பசுவோடு நின்றாலும் அதை அந்த வயலில் விட முடியாது. விட்டால் 1,000 பவுண்ட் வரை தண்டம், அதுவும் வயலை வைத்திருப்பவர் என்ற முறையில் உங்களுக்கு.

அதைவிட முக்கியம், காளையை விட்டால் ஆட்கள் வராமல் நிற்பார்கள் என்று நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை இனி யாருக்கும் எழுதாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், முதலில் அப்படி நினைக்கவே வேண்டாம். அந்தப் பாதையால் தேவாலயத்துக்குப் போகிறவர்களில் ஊன்றுகோலோடு வருகிற ஒரு கிழவியும் இருப்பா. மிருகம் ஆளைக் காயப்படுத்தினால் 1971ஆம் ஆண்டு மிருகங்கள் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்டு வருவார்கள். அந்த மிருகத்தின் குணம் முன்பே தெரிந்திருந்தால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. அயலவர் நல்ல மனிதர் என்றால் கன்றில்லாத பசுக்களையோ செம்மறிகளையோ விடச் சொல்லுங்கள். கன்றோடு நிற்கிற பசுவும் ஆபத்துத்தான். நாயோடு வருபவரைக் கண்டால் தாய் பாய்ந்துவிடும். இந்த நாட்டில் நடப்பவர்கள் மாட்டால் கொல்லப்படுகிற சம்பவங்களில் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது. செம்மறி நிற்கிற வயலில் நாயைக் கட்டுப்பாடில்லாமல் விடுவது நாய்க்காரரின் குற்றம் என்பதும் உங்களுக்குச் சாதகமான விஷயம்.

யாராவது விழுந்தால்? இதில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. பொதுப் பாதையில் நடப்பவர் உங்கள் விருந்தாளி இல்லை, தன் உரிமையில் நடக்கிறார். ஆகவே பாதை சேறாகிக் கிடந்தது, கல் பெயர்ந்து கிடந்தது என்று காணிக்காரரைப் பிடிக்க முடியாது என்று, அப்போது ஆக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1994இல் வட அயர்லாந்து வழக்கொன்றில் தீர்த்துவிட்டது. மேற்பரப்பைப் பார்ப்பது பொதுவாகக் கவுன்சிலின் வேலை. ஆனால் நீங்களாக ஒரு கிடங்கு வெட்டி மூடாமல் விட்டால், முட்கம்பியைப் பாதைக்குள் நீட்டி விட்டால், கதை வேறு.

கடப்பும் படலையும் உங்கள் பொறுப்பு. ஹைவேஸ் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி அவற்றைப் பத்திரமாகவும் ஏறி இறங்க வசதியாகவும் வைத்திருப்பது காணிக்காரர் கடமை. ஆனால் நியாயமான செலவில் காற்பங்குக்குக் குறையாமல் கவுன்சில் தர வேண்டும். பல கவுன்சில்கள் பலகையும் ஆணியுமாகச் சாமானையே தந்துவிடும். நாளைக் காலை ஓடைக்கரைக்குப் போய், கடப்பின் மிதிபலகையில் ஏறி நின்று இரண்டு தரம் அசைந்து பாருங்கள். நான் பார்த்த கடப்புகளில் மிதிபலகை மேலே நன்றாக இருக்கும். பாசி பிடித்த அடிப்பக்கத்தைக் கத்தியால் குத்தினால் கேக்குக்குள் போவது போலப் போகும். ஆள் விழுவது அங்கேதான். முடிந்தால் கடப்பை எடுத்துவிட்டுத் தானாகச் சாத்திக்கொள்ளும் சின்னப் படலை ஒன்று போடலாமா என்று கவுன்சிலைக் கேளுங்கள். வயதானவர்களுக்குப் பெரிய உதவி, உங்களுக்கும் பராமரிப்புக் குறையும். ஆனால் எழுத்தில் அனுமதி இல்லாமல் பாதையில் புதுப் படலை போட வேண்டாம். கால்நடை வெளியே போகாமல் தடுக்க என்றால் 147ஆம் பிரிவில் அனுமதி தரலாம். 'எங்களுக்குத் தனிமை வேண்டும்' என்பது அந்தப் பிரிவில் காரணமாக எடுபடாது.

உங்கள் வயலில் புல்லுத்தானே, ஆகவே உழவு விதி உங்களைப் பெரிதாகத் தொடாது. பயிர் செய்கிற மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வயலின் ஓரத்தால் போகிற பாதையை உழவே கூடாது. குறுக்கே போவதைத் தவிர்க்க வழியில்லாவிட்டால் உழலாம், ஆனால் முதல் உழவுக்கு 14 நாளுக்குள்ளும், அதன் பிறகு அதே பயிருக்காக மண்ணைக் கிளறினால் 24 மணித்தியாலத்துக்குள்ளும் பாதையைத் திரும்பச் சமப்படுத்த வேண்டும். மாப்பின் குறிப்பில் அகலம் இல்லை என்றால் குறுக்குப் பாதைக்கு 1 மீற்றர், ஓரப் பாதைக்கு 1.5 மீற்றர் குறைந்தபட்சம். ஒருமுறை, என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு கட்சிக்காரரின் சோள வயலுக்கு அதிகாரியோடு போனேன். ஆளை மறைக்கிற உயரச் சோளம். அதிகாரி நாடாவை விரித்துக் காலடியில் பிடித்தார், 40 சென்ரிமீற்றர் கூட இல்லை. கட்சிக்காரர் 'நடக்கலாம்தானே' என்றார். அதிகாரி ஒன்றும் சொல்லாமல் அவரை முன்னால் நடக்கவிட்டார். மழை பெய்து விட்டிருந்தது. வயலின் மறுகரைக்கு வரும்போது கட்சிக்காரர் இடுப்பு வரை நனைந்திருந்தார். அந்தக் கிழமையே வெட்டிவிட்டார், வழக்கு வரவில்லை.

புல்லைச் சட்டம் பயிராகக் கணக்கெடுப்பதில்லை என்றாலும், பாதை நெடுகப் புல்லுவெட்டியால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நான் காணிக்காரர்களுக்குச் சொல்கிற யோசனைகளில் ஆகத் திறமானது இதுதான். ஆட்கள் வெட்டிய புல்லில்தான் நடப்பார்கள். எந்தப் பலகையும் செய்யாத வேலையை அந்தக் கோடு செய்யும். வேலிச் செடி பாதைக்குள் சாய்ந்தால் வெட்டுவது உங்கள் வேலை. பறவை கூடு கட்டுகிற மாசி கடைசி முதல் ஆவணி வரை அதைத் தவிர்த்து, முன்போ பின்போ செய்துகொள்ளுங்கள்.

மனைவியின் யன்னலுக்கு வருவோம், இந்தக் கடிதத்தின் உண்மையான கஷ்டம் அதுதான். பாதையை மாற்றச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஹைவேஸ் சட்டத்தின் 119ஆம் பிரிவின் கீழ் கவுன்சிலிடம் விண்ணப்பித்தால், காணிக்காரரின் நன்மைக்காகவே பாதையை நகர்த்தும் கட்டளை போடலாம். புதுப் பாதை நடப்பவர்களுக்குக் கணிசமாக வசதி குறைந்ததாக இருக்கக் கூடாது, பாதை போகிற அனுபவமும் கெடக் கூடாது. 2023இல் அரசாங்கம் வெளியிட்ட வழிகாட்டல் வீட்டு வளவுக்குள்ளாலும் பண்ணை முற்றத்தாலும் போகிற பாதைகளுக்கு இந்த விஷயத்தில் அனுதாபமாகவே இருக்கிறது. உங்கள் நிலைமை அதற்குப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. படலையிலிருந்து வேலியோரமாக வளைத்து, வீட்டுக்கு அப்பால் புல்வெளியில் பழைய கோட்டோடு சேர்த்துவிட்டால் யாருக்கும் பெரிய சுற்று வராது.

ஆனால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். செலவு உங்களுடையது, ஆயிரக்கணக்கில் பவுண்ட் வரும். யாரும் ஆட்சேபிக்கலாம், ஆட்சேபித்து விலக்கிக்கொள்ளாவிட்டால் அரசாங்க இன்ஸ்பெக்டர் வரை போகும், காலம் எடுக்கும். கட்டளை உறுதியாகிப் புதுப் பாதை தயாராகும் வரை பழைய பாதை திறந்தே இருக்க வேண்டும். ஆகவே விண்ணப்பத்துக்கு முன் ஊர்ப் பரிஷ் கவுன்சிலுக்கும் ராம்ப்ளர்ஸின் உள்ளூர்க் கிளைக்கும் தேத்தண்ணி கொடுத்து, வரைபடத்தை மேசையில் விரித்துக் கதையுங்கள். பூட்டுப் போட்ட ஆள் வந்து கேட்பதும், பாதையை வெட்டித் துப்புரவாக வைத்திருக்கிற ஆள் வந்து கேட்பதும் ஒன்றாக இருக்காது. இதில் அவசரப்பட்டால் நீங்கள் இழப்பது அதிகம்.

அதுவரைக்கும் யன்னலுக்கும் பாதைக்கும் இடையில், பாதையின் அகலத்தைத் தொடாமல், செடிவேலி ஒன்று நடுங்கள். அதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. கமெரா பூட்டுவதாக இருந்தால் பாதையில் போகிறவர்கள் படாமல் திருப்பி வையுங்கள். பொது இடத்தைப் படம் பிடித்தால் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்கள் தலையில் ஏறும். நாய் வளர்த்தால் பாதையில் போகிறவர் மேல் பாயாமல் பார்க்க வேண்டும், சொந்தக் காணிக்குள் என்றாலும் ஆபத்தான நாய்கள் சட்டம் பாயும்.

ஓடைக்கரை பற்றி நல்ல நேரத்தில் கேட்டீர்கள். மாப்பில் இல்லாத வழியாலும் ஆட்கள் அனுமதி கேளாமல், ஒளிக்காமல், தடையின்றி 20 வருடம் நடந்தால் அதைப் பொதுப் பாதையாக விட்டுக்கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கச் சண்டை தேவையில்லை. சிஏ16 என்ற படிவத்தில் காணியின் வரைபடத்தையும், 'மாப்பில் உள்ளதைத் தவிர வேறு வழி எதையும் பொதுப் பாதையாக விடும் எண்ணம் எனக்கில்லை' என்ற கூற்றையும் கவுன்சிலில் கட்டணம் கட்டிப் பதிந்து, பிறகு பிரகடனமும் செய்துவிட்டால் போதும். இங்கிலாந்தில் 20 வருடத்துக்குள் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற பாதையை அது தொடாது, ஏற்கெனவே 20 வருடம் நடந்து முடித்திருந்தால் அதையும் அழிக்காது, ஆகவே தள்ளிப் போடாதீர்கள். பதிந்துவிட்டு அவர்களைப் போக விடுங்கள். காட்டில் தானாக விளைகிற கரும்பழத்தை வீட்டுக்குப் பிடுங்குவது இங்கே களவும் இல்லை.

ஸ்கொட்லாந்தில் இருக்கிற வாசகர்கள் இதில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலங்களுக்கு நடக்கும் உரிமையைத் தந்திருக்கிறது, கணக்கே வேறு. இங்கிலாந்தில் வீடு தேடுகிறவர்கள், உங்கள் சட்டத்தரணி அனுப்புகிற கட்டில் சிஓஎன்29 என்ற கவுன்சில் தேடலின் 2.2ஆம் கேள்வியைத் திறந்து நீங்களே வாசியுங்கள். 2016 முதல் பொதுப் பாதை பற்றிய கேள்வி அதில் வழமையாகவே இருக்கிறது. காசு கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள்.

ஐயா, கவுன்சில் கடிதத்துக்குப் பதில் நீளமாக வேண்டாம். சங்கிலியையும் பலகையையும் இன்ன தேதியில் அகற்றிவிட்டேன், படம் இணைத்திருக்கிறேன், பாதையின் எழுத்துக் குறிப்பின் பிரதி தாருங்கள், ஓடைக்கரைக் கடப்பைப் பார்க்க அதிகாரி வருவாரா, பாதை மாற்றம் பற்றிக் கதைக்க நாள் தர முடியுமா: இவ்வளவையும் ஐந்தாறு வரியில் எழுதுங்கள். ஏன் பூட்டினேன் என்ற விளக்கம் ஒன்றும் எழுத வேண்டாம். கடப்பைப் பார்க்க அதிகாரி வரும்போது உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு பாதை முழுவதும் அவரோடு நடந்து, செடிவேலி எங்கே நடலாம் என்பதை அங்கேயே நின்று காட்டிக் கேளுங்கள்.